வீடியோவில் குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது?

நல்ல மைக் வாங்கி கேமரா மேலேயே பொருத்தியும் குரல் எதிரொலிக்கிறது என்கிறீர்கள். குறை மைக்கில் இல்லை, அது இருக்கும் இடத்தில். தூரம் இருமடங்கானால் நேரடியாக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே மைக் தள்ளிப் போகப் போக உங்களைவிட அறைதான் அதிகம் பேசும்!

மைக்கை வாயிலிருந்து ஒன்றிரண்டு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். சாதாரண காலர் மைக்கே போதும். கேமராவில் செருக வழியில்லையா? செல்போனில் தனியாகப் பதிந்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள்; அந்தச் சத்தத்தை வைத்து வீடியோவையும் குரலையும் எடிட்டிங்கில் பொருத்திவிடலாம்.

அப்புறம், எதிரொலியைக் குறைக்கச் சுற்றிலும் கனமான போர்வை, மெத்தை வையுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை.

பதிவின் உச்சம், ஒலி அளவு காட்டும் மீட்டரில் -12 டெசிபல் பக்கத்தில் இருக்கட்டும்; அதில் 0தான் மேல் எல்லை. அதைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியை முழுதாக மீட்க முடியாது. யாரும் பேசாமல் 30 வினாடி அறையின் அமைதியையும் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங் மென்பொருளில் உள்ள இரைச்சல் நீக்கும் கருவிக்கு அதுதான் மாதிரி. அந்தக் கருவியை லேசாகவே பயன்படுத்துங்கள். அளவு மீறினால் தண்ணீருக்குள் பேசுவது போலாகிவிடும். எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிட்டால் ஏசியின் உறுமல் பெரும்பாலும் அடங்கும்.