மக்களவை கலைந்தால் பாதியில் நிற்கும் மசோதா என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: மக்களவையில் நிறைவேறிவிட்டதாகச் செய்தி வந்த மசோதா, தேர்தல் முடிந்ததும் ஏன் மறுபடி அறிமுகமாகிறது?

மக்களவை கலைக்கப்பட்ட நாளில் அது மாநிலங்களவையில் நிலுவையில் இருந்திருக்கும். அத்தோடு காலாவதி. முன்பு விழுந்த வாக்குகள் எதுவும் கணக்கில் வராது. அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் முதலிலிருந்து.

அரசமைப்புச் சட்டத்தின் 107ஆவது பிரிவு சொல்வது இது. மசோதா மக்களவையில் நிலுவையில் இருந்தால் போய்விடும், மாநிலங்களவை ஏற்கெனவே நிறைவேற்றி அனுப்பியதாக இருந்தாலும் சரி. மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் கிடந்தாலும் போய்விடும். மாநிலங்களவையிலேயே அறிமுகமாகி, மக்களவை நிறைவேற்றாத நிலையில் அங்கேயே இருப்பது மட்டும் பிழைக்கும். மாநிலங்களவைக்குக் கலைப்பு கிடையாதே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவதோடு சரி. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர்கள் எம்.பி., எம்.எல்.ஏ. ஆகக்கூடாது என்ற 79ஆவது திருத்த மசோதா 1992இல் அங்கே அறிமுகமானது. அதற்குப் பிறகு எத்தனையோ மக்களவைகள் வந்து போயின, அது நிலுவையிலேயே கிடந்தது.

கூட்டத்தொடர் முடிவதையும் அவை கலைவதையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் மசோதாவுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த தொடரில் விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம்.

இந்த விதி எவ்வளவு விசித்திரமாக வேலை செய்யும் என்பதற்கு மகளிர் இடஒதுக்கீடுதான் நல்ல உதாரணம். 1996, 1998, 1999 என மூன்று முறை மக்களவையில் அறிமுகமாகி மூன்று முறையும் தேறவில்லை. அடிபட்ட பிறகு, 2008இல் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தினார்கள். 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறியது. கொண்டாட்டமெல்லாம் நடந்தது. ஆனால் நிறைவேறியதும் மசோதா மக்களவைக்கு மாறிவிட்டது. அங்கே வாக்கெடுப்புக்கே வராமல் நான்கு ஆண்டு கிடந்து, 2014இல் அவையோடு சேர்ந்து போய்ச் சேர்ந்தது. நிறைவேறாமல் மாநிலங்களவையிலேயே தூங்கியிருந்தால் 2014ஐத் தாண்டி உயிரோடு இருந்திருக்கும்! கடைசியில் 2023 செப்டம்பரில் புது மசோதாவாக வந்து, 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை என்று இரண்டே நாளில் முடிந்தது.

மூன்று முறை 'தலாக்' சொல்லி உடனே மணமுறிவு செய்வதைக் குற்றமாக்கும் முத்தலாக் மசோதா எதிர்த்திசையில் மாட்டியது. 2018 டிசம்பர் 27 அன்று மக்களவை நிறைவேற்றியது, மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்கு எண்ணிக்கை இல்லை, 2019இல் மக்களவை கலைந்ததும் காலாவதி. நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் பிறப்பிக்கும் அவசரச் சட்டம்தான் இடைவெளியைத் தாங்கியது. ஆனால் அதற்கும் கெடு உண்டு: நாடாளுமன்றம் மீண்டும் கூடி ஆறு வாரத்துக்குள் சட்டமாக்காவிட்டால் அதுவும் போய்விடும். அதனால்தான் புது அவையில் அத்தனை அவசரம். ஜூலை 25 மக்களவை, ஜூலை 30 மாநிலங்களவையில் 99–84, மறுநாளே குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. இரு அவைகளும் உடன்படாத மசோதாவுக்கு, 108ஆவது பிரிவின்படி இரண்டும் சேர்ந்து உட்கார்ந்து வாக்களிக்கும் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டப்போவதாகக் குடியரசுத் தலைவர் முன்பே அறிவித்துவிட்டால், பிறகு மக்களவை கலைந்தாலும் மசோதா நிற்கும். இதுவரை கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியவை மூன்றே மூன்று: 1961 வரதட்சணைத் தடை, 1978 வங்கிப் பணி ஆணைய நீக்கம், 2002 பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அரசமைப்புத் திருத்தத்துக்கு இந்த வழி கிடையாது. வரி, அரசுச் செலவு போன்றவை சார்ந்த பண மசோதாவுக்குத் தேவையே இல்லை, மாநிலங்களவை 14 நாளில் திருப்பித் தர வேண்டும், அதன் பரிந்துரையை மக்களவை ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை. 2016இல் பண மசோதாவாக வந்த ஆதார் மசோதாவுக்கு மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்களையும் மக்களவை அன்றைக்கே தள்ளிவிட்டது.

கலைப்பு இல்லாமலேயே மசோதாவை ஒரு சுற்று திரும்ப அலையவைக்கும் சின்ன விஷயம் ஒன்று: வருடம் மாறுவது. ஷரத்து வாரியாக வாக்கெடுக்கும்போது 2ஆவது ஷரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1ஆவது ஷரத்து, 'இந்தியக் குடியரசின் இத்தனையாவது ஆண்டில் இயற்றப்படுகிறது' என்ற வாசகம், நீண்ட தலைப்பு மூன்றும் கடைசியில். சட்டத்தின் பெயரும் ஆண்டும் அந்த 1ஆவது ஷரத்தில்தான் இருக்கும். டிசம்பரில் ஒரு அவை நிறைவேற்றி, பிப்ரவரியில் மற்றது எடுத்தால் அந்த ஆண்டையும் குடியரசின் ஆண்டுக் கணக்கையும் திருத்த வேண்டும். அதுவும் திருத்தம்தான், ஆகவே முதல் அவைக்குத் திரும்பிப் போய், அங்கே ஏற்றுக்கொண்டால்தான் முடியும். உள்ளடக்கத்தில் ஒரு கமா மாறாவிட்டாலும் இந்த நடை தப்பாது.

இரு அவைகளையும் தாண்டி ஒப்புதலுக்குப் போய்விட்ட மசோதாவைக் கலைப்பு தொடாது. ஆனால் ஒப்புதல் தர 111ஆவது பிரிவில் கெடு எதுவும் போடவில்லை. 1986இல் இரு அவைகளும் நிறைவேற்றிய அஞ்சல் திருத்த மசோதா, கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 1989இல் மக்களவை கலைந்தது, மசோதா அசையவில்லை. அவருக்குப் பின் வந்த ஆர்.வெங்கட்ராமன் 1990இல் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 2002இல்தான் அரசு அதைத் திரும்பப் பெற்றது.