முகத்துவாரத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

கடலும் படகும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, திருகோணமலையில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் 24 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். அடிக்கட்டை நான்கடி ஆழம் இறங்கும். பின்னால் சின்ன டீசல் எஞ்சின் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கள் வளவுக்கு முன்னால் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சித்திரைப் புத்தாண்டுக் காலையில் திருகோணமலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் கல்லடிப் பாலத்தடிக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வீட்டார் எல்லோரும் பாலத்தில் நிற்பார்கள். மைத்துனரும் கூட வருகிறார். இரண்டு பேருக்கும் வாவியில் தோணி விட்ட பழக்கம் உண்டு, கடல் பழக்கம் இல்லை. என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
(ஒரு வாசகர், நாவற்குடா)

பதில்: தம்பி, முதலில் வீட்டாரைப் பாலத்தில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உங்கள் கணக்கு திருகோணமலையில் தொடங்குகிறது. என் கணக்கு வாவி கடலில் விழும் பாலமீன்மடு முகத்துவாரத்தில் தொடங்கி வடக்கே போகும். இந்தப் பயணத்தில் கடல் கஷ்டமான பகுதி அல்ல. கடைசி இருநூறு முழம்தான் கஷ்டம். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் உடைத்தோ மனிதர் வெட்டியோ வாய் திறக்கும். அப்போது ஆழம் இருக்கும், ஆனால் வெளியே வாடைக்காற்று கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். பங்குனி, சித்திரையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், ஆனால் வாயில் மண் ஏறத் தொடங்கியிருக்கும். மறுகா கோடையில் அடைத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. கடல் விடுகிற நேரத்தில் வாய் விடாது, வாய் விடுகிற நேரத்தில் கடல் விடாது. இரண்டும் ஓரளவு ஒத்துப்போவது பங்குனி நடுவிலிருந்து சித்திரை தொடக்கம் வரை. ஆகவே மாதம் சரி. நாள் குறித்ததுதான் பிழை.

2012ஆம் ஆண்டு நானும் ஒரு கூட்டாளியும் அதே திருகோணமலையிலிருந்து 22 அடிப் பாய்ப்படகு ஒன்றைக் கொண்டுவந்தோம். நல்ல ஓட்டம். வாகரைக்கு நேரே ஓங்கில்கள் கூட வந்தன. அந்தச் சந்தோஷத்தில் போனை எடுத்து நாலு மணிக்கு வந்துவிடுவோம் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். முகத்துவாரத்துக்கு வந்தபோது மூன்றே முக்கால். கரையில் என் அக்கா மக்கள், அயலட்டை, ஒரு பெரிய சனம். கையில் பூமாலை வேறு. வாவித் தண்ணீர் வெளியே வற்றிக்கொண்டிருந்தது, பின்னேரக் கடற்காற்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டும் முட்டும் இடத்தில் அலை நிமிர்ந்து நின்று உடைந்தது. வெளியே நங்கூரம் போட்டு விடியும்வரை கிடந்திருக்கலாம். மாலையைக் கண்டபின் அப்படிக் கிடக்க மனம் வரவில்லை. சரியாக வாயின் நடுவில் எஞ்சின் நின்றது. மண்ணில் இரண்டு தரம் குத்தியது, சுக்கான் முறிந்தது. பாலமீன்மடுப் பெடியன்கள் கயிறு கொண்டு நீந்தி வந்திராவிட்டால் படகை விறகாகத்தான் பொறுக்கியிருப்போம். அக்கா இன்றைக்கும் அந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்கிறா.

எஞ்சின் ஏன் நின்றது? பழைய படகு, பல மாதம் கட்டிக் கிடந்தது. டீசல் தாங்கியின் அடியில் கறுப்புச் சேறு. துறைமுகத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது அது அடியிலேயே படுத்திருந்தது. அலையில் ஆடியதும் கலங்கிப் போய் வடிகட்டியை அடைத்தது. நீங்கள் வாங்கியதும் கட்டிக் கிடந்த படகாகத்தான் இருக்கும். தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள், புது டீசல் ஊற்றுங்கள், இரண்டு வடிகட்டி மேலதிகமாக வையுங்கள், அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றப் பழகுங்கள்.

படகை ஒருதரம் கரையேற்றி அடியையும் பாருங்கள். தண்ணீர் வரும் துளைகளின் அடைப்பு வால்வுகள் திருகினால் திரும்ப வேண்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவான மரக்கட்டை ஒன்று கட்டித் தொங்க வேண்டும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றுங்கள். அதன்பிறகு திருகோணமலையை அடுத்த கொட்டியார்க் குடாவில் இரண்டு மூன்று நாள் ஓடுங்கள். பாயைச் சுருக்கிக் கட்டுவதை அங்கேயே, காற்று இல்லாதபோது பழக வேண்டும். காற்று வந்தபின் பழகலாம் என்று நினைத்தவர்களின் பாய்களைத் தைத்துக் கொடுத்துத்தான் நான் சில காலம் சாப்பிட்டேன்.

இனித் தூரம். திருகோணமலையிலிருந்து நம் முகத்துவாரம் ஏறக்குறைய 60 கடல் மைல். உங்கள் படகு நல்ல காற்றில் 5 நொட், அதாவது மணிக்கு 5 கடல் மைல், ஓடலாம். திட்டத்தை 4 நொட்டில் போடுங்கள். அப்படியென்றால் 15 மணித்தியாலம். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் இரவு ஒன்பதுக்கு, கும்மிருட்டில், மண் ஏறிய வாய்க்கு முன்னால் நிற்பீர்கள். பின்னேரம் வந்துசேரும் என்ற உங்கள் கணக்கு எங்கே போனது பார்த்தீர்களா?

ஆகவே ஒரே ஓட்டத்தில் வீட்டுக்கு வராதீர்கள். முதல் நாள் கல்குடா வரை, ஏறக்குறைய 45 மைல். விடியற்காலை மூன்று மணிக்கு, நிலவுள்ள நாளாகப் பார்த்து, துறைமுகத்தை விட்டு வெளிக்கிடுங்கள். குடாவின் கிழக்கு முனையில் பழைய வெளிச்சவீடு இருக்கிறது. அந்த முனைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் பவுல் பொயின்ற் (Foul Point), கெட்ட முனை என்று பொருள், பெயரை மதித்து எட்டவே சுற்றுங்கள். பிறகு தெற்கு தென்கிழக்காக, கரையிலிருந்து மூன்று மைல் விட்டு ஓடினால் இலங்கைத்துறை, வெருகல் வாய், கதிரவெளி எல்லாம் வலப்பக்கம் மெல்லக் கழியும். காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று வரும், பத்துப் பதினொரு மணிக்கு அது செத்துவிடும், அப்புறம் கடற்காற்று பிடிக்கும். நடுவில் பாய் தொங்கும் நேரத்துக்கு எஞ்சின்தான். பதினொரு மணிக்கு வாகரைக்கு நேரே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் யோசிக்காமல் எஞ்சினைப் போடுங்கள். காயான்கேணிப் பக்கம் பவளப்பாறை இருக்கிறது, அழகு பார்க்கக் கிட்டப் போகாதீர்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் கல்குடாவில் நங்கூரம் விழுந்தால் வெளிச்சம் இன்னும் மூன்று மணித்தியாலம் மிச்சம். கல்குடாவில் வடக்குக் காற்று ஏறுவதுபோல் இருந்தால் அங்கே கிடக்க வேண்டாம். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்துக்குள் போங்கள். ஆழ்கடல் படகுகள் போய்வருகிற வாய் அது, உங்கள் நான்கடிக்கு அங்கே இடம் கிடைக்கும்.

இருட்டில் பயம் பாறையல்ல, வலை. பின்னேரம் விட்ட வலையை விடியத்தான் தூக்குவார்கள். மைத்துனரைப் படகின் முன்பக்கம், அணியத்தில், டோர்ச்சோடு இருத்துங்கள். ஒரு வள்ளத்திலிருந்து வெளிச்சம் அடித்து ஆட்டினால் அது வணக்கம் அல்ல, வலை கிடக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் காட்டுகிறார்களோ அந்தப் பக்கம் கிறுகுங்கள். ஒருவரின் வலையை அறுத்துவிட்டு அடுத்த நாள் அவருடைய ஊரில் நங்கூரம் போட முடியாது.

கல்குடாவில் மைத்துனரைப் படகில் விட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறி வீட்டுக்கு வாருங்கள். சிரிக்க வேண்டாம். விடியப் பாலமீன்மடுவுக்குப் போய், 1913இல் கட்டிய வெளிச்சவீட்டுப் பக்கமாக நின்று அரை மணித்தியாலம் அலை எங்கே உடைகிறது என்று பாருங்கள். உடையாத இடம்தான் பாதை. அதன்பிறகு அந்த ஊர்த் தோணிக்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்து, ஆறடியில் துணி கட்டிய கம்பால் அந்தப் பாதை முழுக்கக் குத்திப் பாருங்கள். நான்கடிப் படகுக்கு ஏன் ஆறடி என்றால், அலைக் குழியில் படகு இறங்கும்போது இரண்டடி எங்கே போனது என்றே தெரியாது. நம் கரையில் வற்றுப் பெருக்கு இரண்டடியைத் தாண்டாது. ஐரோப்பாவில்போல பெருக்கு ஏறட்டும் என்று காத்திருந்து உள்ளே போகிற வேலை இங்கே பெரிதாக நடக்காது. ஆறடி கிடைத்தால் அடுத்த நாளே வரலாம். கிடைக்காவிட்டால் படகை வாழைச்சேனைக்குள் கொண்டுபோங்கள், அங்கேயே கிடக்கட்டும். ஒரு கிழமையோ ஒரு வருஷமோ.

கல்குடாவிலிருந்து முகத்துவாரம் 14 மைல் அளவு. நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஏழரை, எட்டுக்கு வாயில் நிற்பீர்கள். கடற்காற்று இன்னும் எழும்பியிருக்காது, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணீரின் நிறத்தைக் கொண்டே மண் எது ஆழம் எது என்று தெரியும். பின்னேரம் வந்தால் எதிர்வெயிலில் எல்லாம் ஒரே தகரம். நான் நாலு மணிக்கு வந்த ஆள், சொல்கிறேன். சரி, எட்டு மணிக்கு வந்தும் வாய் கொந்தளித்தால்? திரும்பி வடக்கே போங்கள். அதற்கும் டீசல் மிச்சம் இருக்க வேண்டும். போகவும் திரும்பவும் கணக்குப் பார்த்து, அதற்குமேல் ஒரு கலன்.

இன்னொரு விஷயம். நாவற்குடா கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே அல்லவா இருக்கிறது? 1924இல் திறந்த இரும்புப் பாலமும், அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலமும் உங்கள் முப்பதடிப் பாய்மரத்துக்காக எழும்பி நிற்கப் போவதில்லை. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த ஆள் பாலத்தை மறந்தது எனக்குப் பெரிய வேடிக்கை. பாய்மரத்தைச் சாய்த்து இறக்கும் வசதி அந்தப் படகில் உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பாலத்துக்கு வடக்கே கட்டுகிற இடம் தேடுங்கள். வாவியில் கரையோரம் நான்கடி எங்கே கிடைக்கும் என்பதையும் அதே கம்பால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். வாய் அடைத்த மாதங்களில் உங்கள் படகு குளத்து மீன்தான், அதையும் மனதில் வையுங்கள்.

இருவரும் கடல் பழக்கம் இல்லை என்கிறீர்கள். மூன்றாவதாக வாகரைப் பக்கக் கடற்றொழிலாளி ஒருவரைச் சம்பளம் பேசிக் கூட்டிவாருங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். சின்னப் பாய்ப்படகில் உலகத்தையே சுற்றிவந்த மனிதர் அவர். ஆனாலும் அதை அமெரிக்காவின் குளோசெஸ்டருக்கு 1938இல் கொண்டுபோய்ச் சேர்த்தது வல்வெட்டித்துறை மாலுமிகள்தான்.

கடுதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் படகு இங்கே கைமாறினால் சுங்கத்தீர்வை என்று ஒன்று இருக்கிறது, பணம் முழுவதையும் கொடுக்குமுன் அதைத் தீர்த்துவிட்டார்களா என்று பாருங்கள். வெளிக்கிடும் நாளையும் பாதையையும் ஆட்களின் பெயரையும் கடற்படைக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். கடலில் பேசுகிற விஎச்எப் வானொலி ஒன்று அவசியம், அதில் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையைத் திறந்து வையுங்கள். வானிலைத் திணைக்களம் கடற்பரப்புக்குத் தனியாக அறிக்கை சொல்கிறது, மூன்று நாள் தொடர்ந்து கேளுங்கள். பங்குனி தப்பி வைகாசிக்குப் போய்விட்டால் இந்தத் திட்டத்தை மடித்து வையுங்கள். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். பாயும் எஞ்சினும் கெட்டால் கிழக்கே அடுத்த கரை நிக்கோபார்.

வீட்டார் மாலை கட்டட்டும். படகு உள்ளே வந்து கயிறு கட்டியபின் நீங்களே போன் பண்ணுங்கள், அதுவரை யாருக்கும் மணி சொல்லாதீர்கள்.

கேள்வி: கல்முனையிலிருந்து எழுதுகிறேன். இதேபோல் ஒரு படகை ஒலுவில் துறைமுகத்தில் கொண்டுவந்து வைக்கலாமா?

பதில்: 2013இல் திறந்த துறைமுகம். வாயில் மண் சேர்ந்ததும், வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபட்டதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒரே காரணம்தான்: கரையோரமாக வடக்கே நடக்கும் மணலைக் கல்லணை மறித்துவிட்டது. இன்றைய ஆழத்தை அங்கே தொழில் செய்பவரிடம் கேளுங்கள். போன வருஷக் கதையை வைத்து உள்ளே போக வேண்டாம்.

கேள்வி: கடல் மைல் என்றால் என்ன, நொட் என்றால் என்ன? சாதாரண மைல் போதாதா? (ஒரு மாணவி, செங்கலடி)

பதில்: அகலக்கோட்டில் ஒரு கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) தூரம்தான் ஒரு கடல் மைல், 1852 மீற்றர். வரைபடத்தைப் பார்த்தே தூரம் எண்ணிவிடலாம் என்பதால் மாலுமிகள் இதை விடவில்லை. திருகோணமலை 8 பாகை 34 கலை, மட்டக்களப்பு 7 பாகை 43 கலை. கழித்தால் 51. தெற்கே 51 மைல் போகிறோம், கிழக்கே 28 அளவு சாய்கிறோம். நீங்கள் படித்த பைதகரஸைப் போட்டால் 58 வரும், வளைவுகளோடு 60. மணிக்கு ஒரு கடல் மைல் ஓடினால் ஒரு நொட். அந்தச் சொல்லுக்கு முடிச்சு என்று பொருள், முன்பு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் ஓடவிட்டு எண்ணினார்கள். கயிறு இல்லாமலும் பார்க்கலாம். 24 அடிப் படகின் அணியத்திலிருந்து ஒரு பொச்சுமட்டையைத் தண்ணீரில் போடுங்கள். அது பின்பக்கம் வந்துசேர மூன்றரை விநாடி எடுத்தால் 4 நொட், ஏழு எடுத்தால் 2. நாவற்குடாக்காரர் பத்துப் பன்னிரண்டு மட்டை ஏற்றிக்கொண்டு போகட்டும்.