பிரசவப் பையை இன்னொருவர் கைதான் திறக்கும்

பிரசவ வார்டில் 22 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் என்பதால், மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லும் பையைப் பற்றிய கேள்விகள் இந்தப் பகுதிக்குத் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு இது முதல் பிரசவம். 33 வாரங்கள் முடிந்துவிட்டன. ஒரு பட்டியலில் நாற்பது பொருள்கள் இருக்கின்றன, இன்னொன்றில் எழுபது. பையை எப்போது தயார் செய்ய வேண்டும், எவற்றை அவசியம் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்: இந்த வாரமே தொடங்குங்கள், 36ஆவது வாரம் முடிவதற்குள் பை கட்டி முடிந்து, வாசலுக்கு அருகில் இருக்க வேண்டும். மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதி ஒரு கணக்குதான். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான் இருக்கும். 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைகளும் உண்டு.

எவற்றை வைப்பது என்பதைவிட எப்படி வைப்பது என்பதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். ஓர் இரவு, பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தையைத் துவட்டித் தாயின் மார்பில் கிடத்திவிட்டு, குல்லா கேட்டு வெளியே வந்தேன். குழந்தையின் தந்தை ஒரு பெரிய சூட்கேஸைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டுத் தேடினார். மேலே மனைவியின் உடைகள், அதற்குக் கீழே போர்வை, அதற்கும் கீழே ஒரு புத்தகம் என்று ஒவ்வொன்றாக எடுத்து நடைபாதையில் வைத்தார். அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குல்லா கடைசியில் அடிமூலையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடைத்தது. “அவள்தான் அடுக்கினாள் சிஸ்டர், எதை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது” என்றார். பையை அடுக்குபவர் நீங்கள். ஆனால் அதைத் திறக்கும் நேரத்தில் நீங்கள் வலியில் படுத்திருப்பீர்கள், திறப்பது இன்னொருவர் கையாக இருக்கும் என்பதை அன்றிலிருந்து ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் சொல்லி வருகிறேன்.

ஆகவே ஒரே பெரிய பெட்டி வேண்டாம். பிரசவ அறைக்கு ஒரு சிறிய பை, வார்டில் உங்களுக்கு ஒரு பை, குழந்தைக்கு ஒரு பை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே வைப்பவற்றையும், உள்ளிருப்பது வெளியே தெரியும் உறைகளில் தனித்தனியாகப் போட்டு வைத்தால் தேடும் வேலையே இருக்காது.

சிறிய பையில் எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் கோப்பு இருக்க வேண்டும். பரிசோதனைக் குறிப்புகள், ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், அடையாள அட்டை, காப்பீட்டுத் தாள்கள் ஆகியவற்றோடு, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் உங்களுக்கு ஒவ்வாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி முதல் பக்கமாக வையுங்கள். ரத்தப் பிரிவையும் அதே தாளில் எழுதுங்கள். உங்களுடையது ஆர்எச் நெகட்டிவ் என்றால் அதை எல்லாவற்றுக்கும் மேலே எழுத வேண்டும்; ஏனெனில் குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால் பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு, அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும். தொலைபேசி எண்கள் சிலவற்றையும் தாளில் எழுதுங்கள். கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்துபோகும் நேரம் எப்போதும் நமக்குச் சாதகமாக இருப்பதில்லை.

அதே பையில் தளர்வான பருத்தி நைட்டி ஒன்று, தலைமுடியைக் கட்ட ரப்பர் பேண்டு, காலுறை, வழுக்காத செருப்பு, உதட்டில் தடவும் பாம் ஆகியவை இருக்கட்டும். வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே பல மணி நேரம் கழியும்போது உதடு வெடித்துவிடும். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தண்ணீர் பாட்டிலோடு வளையக்கூடிய உறிஞ்சுகுழல் ஒன்றையும் வையுங்கள். ஒருக்களித்துப் படுத்திருப்பவர் அகன்ற வாயுள்ள பாட்டிலிலிருந்து குடித்தால் பாதித் தண்ணீர் கழுத்தில்தான் வழியும். குழல் இருந்தால், அடுத்த வலி வருவதற்கு முன் தலையைத் தூக்காமலேயே இரண்டு வாய் குடித்துவிடலாம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கண்ணாடியை எடுத்துச்செல்ல வேண்டும். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுவது நல்லது. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவியின் அளவீட்டை அது குழப்பக்கூடும்.

வார்டுக்கான பையில் நான் மிகவும் வற்புறுத்துவது நாப்கின்களை. சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு இருக்கும்; முதல் சில நாள்கள் மிகுதியாகவும், பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு வாரம் வரையிலும் அது நீடிக்கலாம். வழக்கமான மாதவிடாய் நாப்கின் முதல் நாள்களுக்குப் போதாது; பிரசவத்துக்கென்றே உள்ள நீளமான, தடித்த நாப்கின் இரண்டு பாக்கெட் வாங்குங்கள். உள்ளே செருகும் டாம்பன் வகையை இந்தக் காலத்தில் பயன்படுத்தக் கூடாது, தொற்று ஏற்படக்கூடும். ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக ரத்தம் வெளியேறினாலோ இன்னொன்றை மாற்றிக்கொண்டு படுத்துவிடாதீர்கள், உடனே செவிலியரை அழையுங்கள். எத்தனையோ பெண்கள், இது இயல்புதான் போலும் என்று தயங்கி வாய் திறவாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் தயக்கம் மிக ஆபத்தானது.

அடர்நிறப் பருத்தி உள்ளாடைகள் ஐந்தாறு, முன்புறம் திறக்கும் நைட்டிகள் மூன்று, கம்பி இல்லாத பாலூட்டும் உள்ளாடைகள் இரண்டு, பால் கசிவை உறிஞ்சும் பேடுகள், பல் துலக்கவும் குளிக்கவும் தேவையானவை, ஒரு துண்டு ஆகியவை போதும். வீடு திரும்பும்போது அணிய, கர்ப்பத்தின் ஐந்தாறாம் மாதத்தில் பொருந்திய உடையை எடுத்துவையுங்கள். வயிறு ஒரே நாளில் பழைய நிலைக்கு வந்துவிடாது.

பால்புட்டியும் பால்பவுடரும் ஒரு முன்னெச்சரிக்கைக்காக இருக்கட்டுமே என்று பலர் வைக்கிறார்கள். மருத்துவர் கேட்டாலன்றி வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்டத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள்கள் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவாக இருந்தாலும், குழந்தையின் சின்னஞ்சிறு இரைப்பைக்கு ஏற்ற அளவுதான் அது. நள்ளிரவில் குழந்தை அழும்போது கைக்கெட்டும் தூரத்தில் புட்டி இருந்தால், சோர்ந்துபோன தாய்க்குத் தன் பால் போதவில்லை என்ற எண்ணம் மிக எளிதாக வந்துவிடுகிறது.

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். பையை அவளே அடுக்கிவிட்டாள். உடன் இருக்கப்போகிற நான் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அடுக்கியதை முழுவதும் வெளியே எடுத்து, உங்கள் கையாலேயே திரும்ப அடுக்குங்கள். அரை மணி நேர வேலைதான். முதல் பதிலில் நான் சொன்ன அந்தத் தந்தைக்கு அந்த அரை மணி நேரம் வாய்த்திருந்தால் நடைபாதையில் மண்டியிட நேர்ந்திருக்காது.

பெண் தானே விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஒருவர் பிரசவத்தின்போது உடன் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் பிரசவ அறைக்குள் யாரை, எத்தனை பேரை அனுமதிப்பார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். எனவே முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பொருள்களை அவர்களே தருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டால் பையின் கனம் பாதியாகக் குறையும். உங்களுக்கென்று மாற்றுடை, நீளமான ஒயருள்ள சார்ஜர், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, பசிக்குச் சிறிது உணவு ஆகியவற்றைத் தனிப் பையில் வையுங்கள். துணைக்கு இருப்பவர் பசியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் வலியில் இருப்பவருக்கு அது கூடுதல் கவலையாகிவிடும். காரில் வீடு திரும்புவதாக இருந்தால், பின்னோக்கிய குழந்தை இருக்கையை இப்போதே பொருத்திப் பழகுங்கள்.

கண்ணாடி, கைப்பேசி, தினசரி மாத்திரை போன்று கடைசி நிமிடத்தில்தான் எடுக்கமுடிகிற பொருள்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.

பையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பனிக்குடம் உடைந்தால் அது எந்த நேரம், நீர் என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதாம். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், ரத்தப்போக்கு ஏற்பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்ததாக மனைவி சொன்னாலும் எதையும் எடுத்துவைக்கக் காத்திருக்காமல், பரிசோதனைக் குறிப்புகள் உள்ள கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பையைப் பிறகு யாராவது கொண்டுவந்து தரலாம்.

கேள்வி: எனக்குச் சிசேரியன் என்று முடிவாகி, தேதியும் குறித்துவிட்டார்கள். பையில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: பெரிதாக எதுவும் இல்லை. தையல் அடிவயிற்றில் இருக்கும் என்பதால், அதன்மேல் அழுத்தாதபடி தொப்புளுக்கு மேல்வரை வரும் தளர்வான உள்ளாடைகளை வாங்குங்கள். பொதுவாகச் சில நாள்கள் கூடுதலாகத் தங்க வேண்டியிருப்பதால் உடைகளில் இரண்டு கூடட்டும். குனியாமல் காலை நுழைத்துக்கொள்ளும் செருப்பு தேவை. சிறிய தலையணை ஒன்றையும் எடுத்துச்செல்லுங்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தையலில் வலி குறையும். குறித்த தேதிக்கு முன்பே வலி வரக்கூடும் என்பதால், தேதி இருக்கிறதே என்று அடுக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டாவது மாதம் நடக்கிறது. பேரக்குழந்தைக்கு நிறைய உடைகள் வாங்கி வைத்திருக்கிறேன். மருத்துவமனைக்கு எத்தனை எடுத்துச்செல்ல வேண்டும்? எல்லாம் புதிதாக இருந்தால் போதுமா?

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் வாங்கியவற்றில் பெரும்பகுதி வீட்டிலேயே இருக்கட்டும். புதுத்துணி தூய்மையாகத் தோன்றினாலும் தயாரிப்பின்போது சேர்ந்த வேதிப்பொருள்களும் தூசியும் அதில் இருக்கலாம். ஒருமுறை வாசனை குறைந்த சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, அதன் பிறகே பையில் வையுங்கள். கழுத்தின் உள்பக்கம் தைத்திருக்கும் துணிச்சீட்டு உறுத்தும்படி இருந்தால் தையலோடு பிரித்துவிடுங்கள்.

தலைவழியே நுழைக்க வேண்டாதபடி முன்புறம் முடிச்சுப் போடும் சட்டைகள் ஆறு, மென்மையான பருத்திப் போர்வைகள் மூன்று, குல்லா இரண்டு, காலுறை இரண்டு ஜோடி, இரண்டு நாளுக்கு இருபது டயப்பர், துடைக்கப் பஞ்சு ஆகியவை போதும். முதல் மலம் கரும்பச்சையாகத் தார்போல ஒட்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். பவுடரும் வாசனைத் தைலமும் வேண்டவே வேண்டாம்; பவுடர்த் துகள் குழந்தையின் மூச்சில் போகும்.

குளியலுக்கான பொருள்களையும் எடுத்துச்செல்ல வேண்டியதில்லை. பிறந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். ஈரத்தோடு வெளியே வரும் குழந்தையின் உடல்சூடு மிக வேகமாக இறங்கும். அதனால்தான் உடனே துவட்டித் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, மேலே துணி போர்த்தி, தலைக்குக் குல்லா போடுகிறோம். குளிப்பாட்டினால் அந்தச் சூடு மீண்டும் இறங்கிவிடும். துவட்டுவதற்கு இரண்டு மென்மையான துண்டுகளையும் ஒரு குல்லாவையும் மட்டும் தனி உறையில் போட்டு, பிரசவ அறைக்கான சிறிய பையில் கோப்புக்கு அடுத்ததாக வைத்துவிடுங்கள். முதலில் கேட்கப்படுவது அதுதான். உடைகளின் அளவையும் ஒருமுறை பாருங்கள். உரிய காலத்தில் பிறக்கும் குழந்தைகளில்கூட இரண்டரைக் கிலோவும் உண்டு, நான்கு கிலோவும் உண்டு. ஆகவே ஆறு சட்டைகளில் நான்கு பிறந்த குழந்தைக்கான அளவிலும் இரண்டு அதற்கு அடுத்த அளவிலும் இருக்கட்டும்.