விளம்பரத்துக்காக நகைக்கடையை மாத்தணுமா?

கேள்வி: அண்ணா, தங்கச்சி கல்யாணத்துக்கு நகை எடுக்கணும். சித்தப்பா தனிஷ்க் பக்கமே போகக்கூடாதுங்கறாரு, 2020ல வந்த வளைகாப்பு விளம்பரத்தை இன்னும் மறக்கல. எனக்கு அதுக்காகவே அங்கதான் வாங்கணும்னு தோணுது. கம்பெனிங்க இந்த மாதிரி பேசறதெல்லாம் நிஜமா, இல்ல வியாபாரமா?

பதில்: ரெண்டு பேருமே இப்ப இல்லாத விளம்பரத்துக்குத்தான் சண்டை போடறீங்க. முஸ்லிம் வீட்டுல இந்து மருமகளுக்கு வளைகாப்பு பண்ற மாதிரி அந்த அக்டோபர்ல வந்துச்சு, ட்விட்டர்ல பாய்காட் ஹேஷ்டேக் ஓடுச்சு, கடை ஊழியர்களோட பாதுகாப்பையும் காரணமா சொல்லி சில நாள்லயே தூக்கிட்டாங்க. ஸோ நீங்க பாராட்டவும் ஒண்ணுமில்ல, அவரு தண்டிக்கவும் ஒண்ணுமில்ல. இன்னொண்ணு சித்தப்பாகிட்ட சொல்லுங்க, தனிஷ்க்கை நடத்தற டைட்டன் கம்பெனில கிட்டத்தட்ட 28 சதவீத பங்கு நம்ம தமிழ்நாடு அரசோட தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுக்கு, டாடா குரூப்புக்கு அதைவிடக் கம்மி, அவரு பாய்காட் பண்ணா அடி அரசாங்கத்துக்கும் கொஞ்சம் விழும்.

நிஜமா வியாபாரமான்னு கேட்டா ரெண்டும்தான். 2019ல சர்ஃப் எக்ஸல் ஹோலி விளம்பரத்துக்கும் இதே எதிர்ப்பு, ஆனா அந்த சோப்பைத் தயாரிக்கற ஹிந்துஸ்தான் யூனிலீவர் அதைத் தூக்கல (கோவத்துல சில பேரு மைக்ரோசாஃப்ட் எக்ஸல் ஆப்புக்குப் போய் ஒரு ஸ்டார் போட்டதுதான் காமெடி). சரி தைரியமான கம்பெனின்னு பார்த்தா, 1975லேர்ந்து ஃபேர் அண்ட் லவ்லி வித்ததும் அவங்கதான். அமெரிக்கால ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு அப்புறம் உலகம் முழுக்க நிறவெறி பத்திப் பேச்சு வந்தப்பதான், 2020ல, க்ளோ அண்ட் லவ்லின்னு பேரை மாத்துனாங்க. க்ரீம் கடையில அதே ஷெல்ஃப்லதான் இருந்துச்சு.

அதனால நான் விளம்பரத்தைப் பெருசா எடுத்துக்கறதில்ல, காசு எங்க போகுதுன்னு பார்ப்பேன். கம்பெனிங்க பேரு வெளிய தெரியாம கட்சிங்களுக்கு நன்கொடை குடுக்க வழி பண்ணின தேர்தல் பத்திரம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2024 பிப்ரவரில சொன்னதும், மார்ச்ல தேர்தல் கமிஷன் வெப்சைட்ல லிஸ்ட் வந்துச்சு, எந்தக் கம்பெனி எவ்வளவுக்கு வாங்குச்சு, எந்தக் கட்சி அதைப் பணமாக்குச்சுன்னு. அதுல முதலிடம் கோயம்புத்தூர் லாட்டரி மார்ட்டினோட ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி. டிவில மதம் சாதின்னு ஒரு வார்த்தை பேசாத கம்பெனிங்க எல்லாம் அங்க வரிசையா இருக்கு. நீங்க வாங்கற பிராண்டு பேரைப் போட்டுத் தேடாதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற கம்பெனி பேரைப் போடுங்க. ஆனா 2019 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கினது அதுல இருக்காது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நகைக்கு வருவோம். எந்தக் கடையா இருந்தாலும் நகையில பொறிச்சிருக்கற ஹெச்யுஐடிங்கற ஹால்மார்க் நம்பரை (எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இருக்கும்) மத்திய அரசோட தர அமைப்பான பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாருங்க, செய்கூலி சேதாரத்தை பில்லுல தனித்தனியா எழுதச் சொல்லுங்க, திருப்பிக் குடுத்தா எவ்வளவு கழிப்பாங்கன்னு முன்னாடியே கேட்டுடுங்க. நாலு கடை ஏறி இறங்கறப்ப சித்தப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, சேதாரத்துல பேரம் பேச அவரு மாதிரி ஆளு வேணும்.