அமெரிக்க ஸ்பெஷல் ஃபோர்சஸ்ல குரூப் (படைப்பிரிவு) மாறுற ஆபீசருக்கு மொழி மட்டும்தான் பிரச்சனையா?

மொழி அதுல சின்ன பிரச்சனைதாங்க. 7வது குரூப் லத்தீன் அமெரிக்காவைப் பாக்குது, 5வது மத்திய கிழக்கை. ஸ்பானிஷ் பேசி பழகின மேஜர் ஒருத்தர் 5வதுக்குப் போனா அரபியை எப்படியோ கத்துக்கலாம், ஆனா அங்க இருக்கற சீனியர் சார்ஜென்ட்டுங்க பல வருஷமா அதே ஏரியாவுல சுத்தினவங்க, அந்த ஏரியா நாட்டு ராணுவ கமாண்டர்கிட்ட எதை நேரடியா கேக்கலாம், எதுக்கு நாலு டம்ளர் டீ குடிச்சு காத்திருக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஆபீசரோ கொஞ்ச வருஷத்துல கிளம்பிடுவாரு. இவரு வந்ததும் "எங்க பழைய குரூப்ல இப்படித்தான்"னு ஆரம்பிச்சா ரூம்ல எல்லார் மூஞ்சியும் மாறிடும் (இது எந்த ஆபீஸ்லயும் நடக்கறதுதான்). என்னைக் கேட்டா ஆரம்பத்துல கொஞ்ச மாசம் வாயை மூடிட்டு அவங்க சொல்றத கேக்கணும், ஆனா முடிவெடுக்கற பொறுப்பு முதல் நாளே தலையில விழுந்துடுதே, அங்கதான் சிக்கலே.