வாசகர் கேள்வி: அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜை மாற்ற முடியுமா?

கேள்வி: என் தம்பி, தமிழ் தெரிந்தவர் என்ற தகுதியில் மாவ்னி திட்டம் (தேவையான மொழியோ திறனோ தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்த திட்டம்) வழியாக 2009-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தான். 2011-ல் ஆப்கானிஸ்தான் போனான். திரும்பி வந்தபின் தூக்கம் இல்லை. கஞ்சா பிடிக்க ஆரம்பித்து, சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டான். 2012 அக்டோபரில் ஒழுங்கீனம் என்று ‘அதர் தேன் ஹானரபிள்’ (கௌரவமற்ற வகை) டிஸ்சார்ஜ், அதாவது பணிவிடுவிப்பு, கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் தானாக மாறிவிடும் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். இப்போது ஒரு மன்னிப்புக் கடிதமும் முதலாளியின் நற்சான்றிதழும் வைத்து விண்ணப்பிக்கலாமா?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஆறு மாதமானாலும் அறுபது வருடமானாலும் தானாக மாறாது. விண்ணப்பித்தால்தான் உண்டு.

முதலில் தேதியைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு டிடி 293 படிவத்தில் விண்ணப்பிக்க, பிரிந்த நாளிலிருந்து 15 ஆண்டு அவகாசம். உங்கள் தம்பிக்கு அது 2027 அக்டோபரில் முடிகிறது. கட்டணம் கிடையாது. கோப்பை மட்டும் பார்க்கும் ஆய்வு, நேரில் அல்லது வீடியோவில் பேசும் விசாரணை என இரண்டு வழி உண்டு. கோப்பு ஆய்வில் தோற்றவர் பிறகு விசாரணை கேட்கலாம், ஆனால் அதையும் அந்த 15 ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். ஆய்வு முடியவே ஓராண்டுக்கு மேல் இழுக்கக்கூடும். கெடு நெருங்கியவர்கள் நேராக விசாரணையே கேட்பது நல்லது. விண்ணப்பித்ததால் டிஸ்சார்ஜை இன்னும் மோசமாக்கிவிடுவார்களோ என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த அதிகாரம் வாரியத்துக்கு இல்லை.

நற்சான்றிதழை அனுப்புங்கள், ஆனால் அதைக் கட்டின் அடியில் வையுங்கள். 2018-ன் ‘வில்கி மெமோ’ (வாரியங்களுக்குப் பாதுகாப்புத் துறை அனுப்பிய வழிகாட்டுக் குறிப்பு) பிந்தைய நடத்தையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் வாரியம் முதலில் கேட்பது, அன்று செய்ததில் முறை தவறியதா, நியாயம் தவறியதா என்பதை. “இப்போது திருந்திவிட்டேன்” என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

ஆகவே எழுதுவதற்கு முன் கோப்பை வரவழையுங்கள். எஸ்.எஃப். 180 படிவத்தை அதிலேயே குறிப்பிட்டுள்ள முகவரிகளுக்கு அனுப்பி, பணிப் பதிவேடு, மருத்துவப் பதிவேடு, பணிநீக்கக் கோப்பு மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பணிவிடுவிப்புச் சான்றான டிடி 214 தாள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

கோப்பு வந்ததும் மூன்று இடங்களில் கண் வையுங்கள். பரிசோதனைத் தாளில் எதற்காகச் சோதித்தார்கள் என்று ஒரு குறியீடு இருக்கும். ‘ஐஆர்’ என்றால் வழக்கமான திடீர்ச் சோதனை, அதில் பிடிமானம் இல்லை. பணிசெய்யும் நிலையில் இருக்கிறாரா என்று மேலதிகாரி உத்தரவிட்டு எடுத்த ‘சிஓ’ அல்லது மறுவாழ்வுச் சிகிச்சையின்போது எடுத்த ‘ஆர்ஓ’ என்றால் நிலைமை வேறு. ராணுவ விதிப்படி அந்த முடிவை அரசுத் தரப்பே பணிநீக்கக் கோப்பில் சேர்த்திருந்தால், ‘ஹானரபிள்’ தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. அடுத்து, போர்ப்பணி முடிந்து 24 மாதத்துக்குள் இப்படி வெளியேற்றப்படுகிறவருக்கு பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு) இருப்பதாகக் கண்டறிந்திருந்தாலோ, அவரே நியாயமான காரணத்தோடு சொல்லியிருந்தாலோ, அனுப்புவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் தம்பி அந்தக் கால அளவுக்குள் வருகிறார். தூக்கமில்லை என்று அப்போது எங்காவது சொல்லிப் பதிவாகியிருக்கிறதா, பரிசோதனைத் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றாவதாக, பணிநீக்கத்துக்கு முன் விசாரணைக் குழு கேட்கும் உரிமையை அவர் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தாரா, அதற்குமுன் வழக்கறிஞரிடம் பேச விட்டார்களா என்பது.

நியாயம் பற்றிய வாதத்துக்கு 2017 ஆகஸ்ட் 25-ன் ‘கர்ட்டா மெமோ’ என்ற பாதுகாப்புத் துறைக் குறிப்புதான் சட்டகம். அது நான்கு கேள்விகள் கேட்கிறது. மனநலப் பாதிப்பு இருந்ததா? பணிக்காலத்தில் இருந்ததா? செய்த தவறை அது விளக்குகிறதா? தவறைவிட அதன் எடை கூடுதலா? வேதனை தாங்காமல் போதையைத் தானே மருந்தாக்கிக்கொள்வதை அந்த மெமோ பெயர் சொல்லியே கருதச் சொல்கிறது. திட்டமிட்டுச் செய்த குற்றத்துக்கு இந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. தம்பியின் வாக்குமூலம் இந்த நான்கின் வரிசையிலேயே இருக்கட்டும். மனநல மருத்துவரின் கடிதம் நோயின் பெயரோடு நின்றுவிட்டால் பயனில்லை. எப்போது தொடங்கியது, கஞ்சாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எழுத வேண்டும். கூடப் பணிசெய்தவரின் கடிதத்தில் “நல்ல பையன்” என்ற வரியைவிட, எந்த மாதம், எந்த முகாம், என்ன கண்டார் என்ற ஒரு பத்தி மதிப்புள்ளது.

மருத்துவருக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். போர்க்களம் போனவர்களுக்கு, 100 நாளுக்கு மேல் பணியாற்றியிருந்தால், ‘அதர் தேன் ஹானரபிள்’ இருந்தாலும் முன்னாள் படைவீரர் நலத்துறை மனநலச் சிகிச்சை தர வேண்டும் என்பது 2018 முதல் சட்டம். அங்கு உருவாகும் பதிவே சான்றாகும்.

வாரியம் மறுத்தாலோ கெடு தாண்டினாலோ, டிடி 149 படிவத்தில் ராணுவப் பதிவேடு திருத்த வாரியம் இருக்கிறது. தவற்றை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டு என்பது அங்கே விதி. நீதிக்கு அவசியம் என்று கருதினால் தளர்த்துவார்கள். ஏன் தாமதம் என்று படிவத்திலேயே காரணம் எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

கேள்வி: ‘ஜெனரல்’ என்று உயர்த்தினாலே போதாதா? குடியுரிமைக்கு ஆபத்து உண்டா?
— அதே வாசகி

பதில்: ‘ஹானரபிள்’ என்ற முழு மரியாதைத் தரத்துக்கு அடுத்த படியான ‘ஜெனரல்’ கிடைத்தால் மருத்துவம், ஊனத் தொகை போன்ற பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். ஜிஐ பில் கல்வி உதவிக்கு ‘ஹானரபிள்’ வேண்டும். எனவே ‘ஹானரபிள்’ கேளுங்கள். குறையே இல்லாத பணிதான் அதற்கு வேண்டும் என்பதில்லை என்று கர்ட்டா மெமோவே சொல்கிறது. பணிநீக்கக் காரணத்தையும் மாற்றக் கேளுங்கள். டிஸ்சார்ஜின் தரம் மாறியும் ‘போதைப்பொருள்’ என்ற சொல் தாளில் நின்றால் வேலைக்குப் போகும் இடத்தில் சங்கடம்தான்.

மாவ்னியில் வந்தவர்கள் பெரும்பாலும் ராணுவப் பணியின் பேரில் குடியுரிமை பெற்றவர்கள். மொத்தம் ஐந்தாண்டு நற்பணி முடிக்கும் முன் இத்தகைய டிஸ்சார்ஜில் பிரிந்தால் அந்தக் குடியுரிமையைப் பறிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. அது தானாக நடப்பதல்ல, நீதிமன்றம் போயாக வேண்டும். இருந்தாலும், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ராணுவ நீதிமன்றம் தண்டனையாகக் கொடுத்த ‘பேட் காண்டக்ட்’ (தீய நடத்தை) டிஸ்சார்ஜுக்கும் இதே வழியா?
— வாசகர், டெக்சாஸ்

பதில்: சிறப்பு ராணுவ நீதிமன்றம் கொடுத்தது என்றால் மறுஆய்வு வாரியம் கருணை அடிப்படையில் மட்டும் பார்க்கும். பொது ராணுவ நீதிமன்றம் கொடுத்ததை அது தொடவே முடியாது. நேராக டிடி 149. அங்கும் தீர்ப்பை எதிர்த்து வாதாட முடியாது, தண்டனையைக் குறைக்கத்தான் கேட்கலாம். இங்கேதான் முதல் கேள்வியில் அடியில் வைக்கச் சொன்ன நற்சான்றிதழ்கள் மேலே வரும்.