அசோர்ஸ்: எந்த ஊரில் தங்கலாம்?

கேள்வி: லிஸ்பனிலிருந்து அட்லாண்டிக் கடலிலுள்ள போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்கு ஐந்து நாள் போகிறோம். பழைய ஊர்களைப் பார்க்க எங்கே தங்கலாம்? தீவுகளுக்கிடையே படகு உண்டா?

பதில்: ஒன்பது தீவுகளையும் பார்க்கும் ஆசையை விடுங்கள். டெர்சேரா தீவின் அங்ரா டூ எரோயிஷ்முவில் மூன்று இரவு தங்குங்கள். 1980 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சேதமாகி, பழைய தெருவமைப்பு மாறாமல் மீட்கப்பட்ட ஊர். 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முதலில் ஊர்ப் பூங்கா வழியாக மெமோரியா என்ற நினைவுத் தூண் நிற்கும் மேட்டுக்கு ஏறுங்கள். தெருக்களின் கட்டமைப்பும் துறைமுகமும் ஒரே பார்வையில் புரியும். மழையில் கல்பாவிய நடைபாதை வழுக்கும். ரப்பர் அடி செருப்பு அவசியம்.

மீதி இரண்டு இரவுக்கு சான் மிகெல் தீவின் பொன்டா டெல்காடா. இந்த இரு தீவுகளுக்கிடையே விமானம்தான். நீங்கள் கேட்ட படகு, அரைமணிப் பயணமாக, பிக்கு–ஃபையல் என்ற வேறு இரு தீவுகளுக்கிடையே உண்டு. மூடுபனியிலும் காற்றிலும் விமானம் ரத்தாகும். ஊர் திரும்பும் நாளன்று தீவு மாறாதீர்கள். கடிகாரத்தை லிஸ்பனைவிட ஒரு மணி பின்னுக்கு வையுங்கள்.